ஒரு கேபி கிளி

ஹலோ... ஹலோ, அருள்குமாரா? நாந்தான் கண்ணு, மண்ணரை எம்ப்ராய்டரி யூனிட் சித்ரகலாக்கா... ஆமா, ஆமா, நல்லாருக்கறேன். நீ போட்டுக் குடுத்த லினக்ஸும் நல்லாத்தான் இருக்குது. அந்தச் சின்ன லேப்டாப்புக்கு ஒரு ஜிபி மெமரிதான், விண்டோஸ் வர்றதுக்குள்ள சோறு வெந்துரும். இப்ப தட்டுனா வந்து நிக்குது. ஆனா...

இல்ல, ஹேங் ஆகல. பென்டிரைவை எடுத்து மெஷின்ல சொருகுனா, டிசைன் இல்லைங்குது... அந்தக் கிளி கண்ணு, கொழந்தைச் சட்டை நெஞ்சுல வருமே. மூணு மாசமா மெஷின் சும்மா நின்னுட்டு, இப்பத்தான் அதுக்கு ரிப்பீட் ஆர்டர் வந்துருக்குது. கம்பெனிலிருந்து சிவராஜ் பீஸெல்லாம் ஏத்திட்டு வந்துட்டிருக்காரு. இன்னைக்கே தச்சுக் குடுக்கோணும். உன்ற லினக்ஸ்தான் எதையோ பண்ணிப்போட்டுது, போ!

...இல்ல, இல்ல, கோவிச்சுக்காத. என்ன பாக்கோணும், சொல்லு.

ம்... பென்டிரைவைத் தொறந்துட்டேன். இருக்குதே! கிளி, யானை, ஆப்பிள்... எல்லாப் பேரும் வரிசையா இருக்குது... சைஸா? எங்க... ம், ஒரு கேபி... யானையும் ஒண்ணு. ஆப்பிளும்... எல்லாமே ஒண்ணுதான். ஏன், அது கம்மியா?

...

எப்படி காப்பி பண்ணுனனா? டெஸ்க்டாப்புல இருந்ததை அத்தனையும் புடிச்சு பென்டிரைவ்ல போட்டேன்... ஆமா, மூலையில சின்ன அம்பு இருந்துச்சு. எல்லாத்துலயும். டிசைன் போட்ட காசிமாயண்ணன் அப்படித்தான் வச்சுக் குடுத்தாரு. தட்டுனா தொறக்கும்.

...

ஷார்ட்கட்டா? அப்ப நான் எடுத்து வெச்சது வெறும் விலாசமா? ஊடு அந்த டிஸ்க்கிலயே இருந்துச்சா?

ஆமா. கேட்ட. லினக்ஸ் போடறதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை கேட்ட. எல்லாம் எடுத்தாச்சு, தொடச்சுப் போடுன்னு நாந்தான் சொன்னேன். உன்மேல தப்பில்ல.

...மீட்கலாமா? நெசமாவா! இல்ல, அதுக்கப்புறம் எதையும் ஏத்தல... இரு. படம் எறக்குனோம். வேகமா இருக்குதேன்னு... நாலு. இல்ல, ஆறு.

ம்... ம்... அது மேல எழுதிருச்சுன்னா வராதா... ஆறுதல் சொல்லாத கண்ணு, உள்ளதைச் சொல்லு... ம்.

காசிமாயண்ணன்கிட்டயா? அவரு சிஸ்டம் போன மழையில முழுகிப் போச்சு. "உன்கிட்ட ஒண்ணு இருக்குதில்ல, விடு"ன்னு அவருதான் தெம்பா சொல்லிட்டிருந்தாரு.

புதுசா போட ரெண்டு நாளு ஆகும். அப்படியே போட்டாலும், பழைய பீஸுக்கு ஒரு தையல் மாறுனா திருப்பி அனுப்பிருவாங்க... ஆமா... ஆமா... நீ என்ன பண்ணுவ, பாவம்.

சரி, நீ சொன்ன மாதிரி லேப்டாப்பை ஆஃப் பண்ணிட்டேன். அணையறதும் சட்டுனு அணையுது.

இரு, ஹாரன் அடிக்குது... வாங்க சிவராஜ். இல்லீங்க, இல்லீங்க... பண்டலை எறக்க வேண்டாம்னு சொல்லுங்க. வண்டியிலயே இருக்கட்டுங்க...

அருளு, வெச்சர்றேன் கண்ணு.