கல்லுக்குக் கிடைக்கும் நம்பர்

எல்கடுவயிலிருந்து மாத்தளைக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர். "எங்க மக மேரி, படிக்கிற கெம்பஸ்ல ஒரு கல்லு கண்டுபிடிச்சிருக்கா" என்றாள் இளையவள்.

"ஏன், நம்ம மலையில இல்லாத கல்லா?" என்றாள் மூத்தவள்.

"இது வானத்துலக்கா. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல சூரியனைச் சுத்துதாம். வானத்தைப் புடிச்ச படங்களைப் பார்த்துப் பார்த்து, நகர்ற புள்ளியைக் கண்டுபிடிச்சிருக்கா."

"அதுக்கென்ன இப்ப?"

"அது போற பாதை சரியாத் தெரிஞ்சதும் அதுக்கு நம்பர் குடுப்பாங்களாம்."

மூத்தவள் சத்தமாகவே சிரித்தாள். "அப்பன் பாட்டன் காலத்துலருந்து நாம இந்த லயத்து வரிசை வீட்டுல கெடக்குறோம். வீட்டுக்கு ஒரு நம்பர் இல்ல. தபாலெல்லாம் தோட்டத்து ஆபீஸ்லயே தூங்குது. கல்லுக்கு நம்பராம்!"

"நானும் அதையேதான் கேட்டேன். அது ஒழுங்கா ஒரே பாதையில போகுதும்மான்னு சொன்னா. நாமளும் மலைக்கும் லயத்துக்கும் ஒரே பாதையிலதானே போறோம்னேன்."

"என்ன சொன்னா?"

"யாராச்சும் விடாமப் பார்த்துக்கிட்டே இருந்தாத்தான் நம்பர் கெடைக்குமாம்."

"நம்மளையும்தான் பார்க்குறாங்களே," என்றாள் மூத்தவள். "எலக்ஷனுக்கு எலக்ஷன்."