நாக்குக்காரர்

— உப்பு சரியா இருக்காப்பா?

— கன கச்சிதம். நீ கை வச்சா தப்புமா?

— கீரையில நான் உப்பே போடலைப்பா.

— மறந்துட்டியா, என்ன?

— மறக்கலை. வேணும்னேதான். போன வாரம் ஃபிரிட்ஜைத் துடைச்சேன்ல? வெண்ணெய் கெட்டுப்போய் நாறுச்சு. அதைத்தான் ரொட்டியில தடவித் தின்னுட்டு இருந்திருக்கீங்க. அப்பவே எனக்குச் சுருக்குன்னுச்சு. எப்போலேர்ந்துப்பா இப்படி?

— அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அதுக்கப்புறம்தான். முதல்ல மூக்கு போச்சு. சளிதானே, விட்டதும் வந்துடும்னு இருந்தேன். பின்னாடியே நாக்கும் அதுக்குத் துணையாப் போயிடுச்சு. இப்ப வாயில எதைப் போட்டாலும் சூடு தெரியும், மெத்துன்னு இருக்கா மொறுமொறுன்னு இருக்கான்னு தெரியும். மத்தபடி ஈரக் காகிதத்தை மெல்ற மாதிரிதான்.

— டாக்டர் என்ன சொன்னாரு?

— வந்தா வரும்னாரு.

— அது ஆகுது வருஷத்துக்கு மேல. உங்க கம்பெனி ஜூஸ் எதுவும் உங்க வாயைத் தாண்டாம கடைக்குப் போகாதும்பீங்க. அங்க உங்க பேரே நாக்குக்காரர். எப்படிச் சமாளிச்சீங்க?

— பக்கத்துல நிக்கிற லேப் பொண்ணு முகத்தைப் பார்த்துத்தான். அவ கண்ணைச் சுருக்கினா புளிப்பு தூக்கல். இன்னொரு வாய் குடிச்சா எல்லாம் சரியா இருக்கு. அப்படியே ஓட்டினேன்.

— யாருக்கும் சந்தேகம் வரலையா?

— அது கிடக்கட்டும், இதைக் கேளு. பணம் போடுறதுக்கு வெளிநாட்டுலேர்ந்து ஒரு கூட்டம் வந்துச்சு. இந்த ஜனங்க இனிமே என்னத்தைக் குடிப்பாங்கன்னு கேட்டாங்க. விற்பனை மேனேஜர் படம் போட்டுக் காட்டினாரு. மூலை முடுக்கெல்லாம் கரண்ட் வந்தாச்சு, பெட்டிக்கடையில கூட குளிர்பெட்டி வரப்போகுது, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க, வீட்ல பழம் பிழிய யாருக்கு நேரம், நமக்கு ஏறுமுகம்தான்னு. எல்லாம் முடிஞ்சு அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினாங்க.

— நீங்க என்ன சொன்னீங்க?

— எனக்குத்தான் எதுவுமே இனிக்கலையே. வாய்க்கு வந்ததைச் சொல்லி வச்சேன். ஜனங்களுக்கு இனிப்பு சலிச்சுப் போச்சு, சர்க்கரையைக் குறைங்கன்னேன்.

— சர்க்கரை குறைச்சு வந்துச்சே, அந்தப் பச்சை பாட்டிலா? அது சக்கைப் போடு போடுதேப்பா. என் ஆபீஸ்ல எந்த மேஜையைப் பார்த்தாலும் அதுதான் நிக்குது.

— அதேதான். அதை நம்பித்தான் ரெண்டாவது தொழிற்சாலையே கட்டுறாங்க.

— சிரிக்காதீங்கப்பா. கெட்டது ஏதாவது உங்களைத் தாண்டிப் போயிருந்தா? குழந்தைங்க குடிக்கிற சாமான். நாளைக்கே போய் முதலாளிகிட்ட சொல்லிடுங்க.

— சொல்லிட்டேம்மா.

— எப்ப?

— புதுக் கட்டடம் பாதி எழும்பினப்பவே. எனக்கும் உறுத்தாம இருக்குமா? நேராப் போய் நின்னு உள்ளதைச் சொல்லிட்டேன். உட்காரச் சொன்னாரு, தண்ணி கொடுத்தாரு. லேப்ல ருசி பார்க்குற மெஷின் ஒண்ணு வந்து உட்கார்ந்திருக்கு. என் காய்ச்சலுக்கு முன்னாடியே அதுதானாம் எல்லாத்தையும் முடிவு பண்ணுது. நல்லது, கெட்டது, புளிச்சது எதுவும் அதுக்குத் தப்பாதாம். அது பாஸ் பண்ணினதுக்கு அப்புறம்தான் எனக்குக் கோப்பையே வருதாம்.

— அப்ப நீங்க எதுக்கு?

— வர்றவங்களுக்குக் காட்ட ஒரு ஆள் வேணுமாம். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கிட்டு, ஒரு வாய் குடிச்சு, கண்ணை மூடித் தலையாட்டணும். உங்களை அனுப்பிட மாட்டேன், கவலைப்படாதீங்கன்னாரு. நல்ல மனுஷன்தான்.

— அந்த லேப் பொண்ணு?

— அவளுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு. எனக்காகத்தான் முகத்தை அப்படி அப்படிக் காட்டிக்கிட்டு நின்னிருக்கா.

— அய்யோ அப்பா.

— சாப்பிடு, சோறு ஆறுது.

— பேச்சை மாத்தாதீங்க. முதலாளிகிட்ட போய்ச் சொல்ல உங்களால முடிஞ்சுது. அங்க இருக்கிற பொண்ணுக்குக் கூடத் தெரியும். பெத்த பொண்ணு நான், வாரா வாரம் சமைச்சுத் தூக்கிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வர்றேன். என் எதிர்ல உட்கார்ந்து பிரமாதம் பிரமாதம்னு சாப்பிட்டீங்களே. என்கிட்ட மட்டும் ஏன்ப்பா மறைச்சீங்க?

— ருசியே தெரியாத மனுஷனுக்கு இதெல்லாம் எதுக்குன்னு, நீ வர்றதை நிறுத்திடுவியோன்னுதான்மா.