கடைசி நேயர்

மணி பிற்பகல் இரண்டு முப்பத்தைந்து. நீளமான சாலை... ஒரு ஆள் இல்லை.

சிரிக்காதீர்கள். பேய்க்கதை என்றால் நள்ளிரவில்தான் தொடங்க வேண்டுமா என்ன? "பகல்லயா பேய்?" என்று மூலையில் ஒருவர் கேட்கிறார். ஆமாம் ஐயா, பட்டப்பகலில்தான். கரண்ட் போய் ஒரு மணி நேரமாகிறது, ஏதாவது பயமுறுத்து என்று நீங்கள்தான் நச்சரித்தீர்கள். அந்தச் செல்போனைக் கவிழ்த்து வையுங்கள், வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. கட்டிலில் கால் நீட்டியிருப்பவர்களும் கீழே இறங்கி உட்கார்ந்தால் நல்லது. ஏன் என்று நான் சொல்ல வேண்டியிருக்காது.

நம் ஒல்லி இருக்கிறான் இல்லையா, அவனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது இது. ஒல்லி சொல்லித்தான் எனக்கு முதலில் தெரியும். பிறகு அந்த மனுஷர் வாயாலேயே ஒரு முறை கேட்டேன். அன்று அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, சுவரைப் பார்த்துத்தான் பேசினார்.

குடோன்களுக்குப் பின்னால் போகும் சாலை அது. இரண்டு பக்கமும் மூடிய ஷட்டர்கள். அதன் கடைசியில் மூன்று மாடிக் கட்டடம், மேல் மாடியில் கேபிள் ஆபீஸின் கன்ட்ரோல் ரூம். உள்ளே வரிசையாகச் சூடேறிய பெட்டிகள், ஏசியின் உறுமல், இரும்புக் கதவு, ஒரு போன். அந்த அறையில் இவர் ஒருவர் மட்டும்தான். எல்லாரும் அவரைப் பாட்டுக்காரர் என்பார்கள். பாடத் தெரிந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள், அவர் வாயைத் திறந்தால் காக்கை பறந்துவிடும். லோக்கல் சேனலில் நாம் போன் போட்டுக் கேட்கும் பாட்டைப் போடுவார், அதனால் அந்தப் பெயர்.

ஒரு காலத்தில் அவர் பாடு ராஜ வாழ்க்கை. வைத்த போனை மறுபடி எடுப்பதற்குள் அடுத்த மணி அடிக்கும். "உங்க டிவி சத்தத்தைக் குறைங்க, உங்க டிவி சத்தத்தைக் குறைங்க" என்று கத்திக் கத்தி அவருக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிப் போகும். நானும் அவருக்கு எத்தனையோ தடவை போன் செய்திருக்கிறேன். திரையில் என் பெயர் கீழே ஓடினால் போதும், அன்றைக்குத் தெருவில் நான்தான் பெரிய ஆள்.

அப்புறம் என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். பாட்டு நம் கைக்கு வந்துவிட்டது. வேண்டியதை வேண்டிய நேரத்தில் செல்லிலேயே பார்க்கலாம் என்று ஆன பிறகு, யார் போன் போட்டு லைனில் காத்துக் கிடப்பார்கள்? ஒவ்வொருவராக நின்றார்கள். நானும்தான் நின்றேன். ஆறு மணி நேரம் பாட்டு ஓடிய சேனலில் தொப்பையைக் குறைக்கும் பெல்ட்டும் மூட்டுவலித் தைலமும் ஓட ஆரம்பித்தன. பாட்டுக்கு மிஞ்சியது இரண்டரையிலிருந்து மூன்று வரை, அரை மணி நேரம். அதிலும் அவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரே ஒரு நேயர்தான் பாக்கி. மூன்றாம் வீதி அக்கா.

அந்த அக்கா ஆறு வருஷமாகத் தினமும் இரண்டு நாற்பதுக்குப் போன் செய்பவர். கேட்பது ஒரே பாட்டு. பாலத்தின் மேல் இரண்டு பேர் சைக்கிளில் போவார்கள், நடுவில் ஒரு முறை மணி அடிப்பார்கள், அந்தப் பாட்டு. தனக்காக அல்ல. அவருக்கு இருபது வயதில் ஒரு மகன். பிறந்ததிலிருந்து படுக்கைதான், பேச்சு கிடையாது. ஒரு விரலில் எவர்சில்வர் மோதிரம் போட்டிருப்பான், வேண்டியதை அந்த மோதிரத்தால் இரும்புக் கட்டிலில் தட்டித்தான் சொல்வான். அம்மா போனில் பேசும்போது பின்னால் அந்தச் சத்தம் கேட்கும்.

டக்... டக் டக்.

"உங்க பாட்டுன்னா அவனுக்கு உசுரு தம்பி. தூக்கம் வந்துட்டா மட்டும் கடைசித் தட்டு மெதுவா வரும். அதை வச்சுத்தான் நான் லைட்டை அணைப்பேன்" என்று ஒரு நாள் அவர் லைனில் சொன்னார். ஊரே கேட்டது.

அந்த நேரத்தில்தான் முதலாளி மேலே ஏறி வந்தார்.

"தினம் ஒரு போன் காலாவது லைவா வரணும். வரலைன்னா அந்த அரை மணியையும் பெல்ட்காரனுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் உனக்கு இங்க என்ன வேலை, சொல்லு?"

அதற்கு அடுத்த வாரம் அக்காவின் போன் நின்றது. ஒரு நாள் வரவில்லை. இரண்டு நாள்... மூன்று நாள்...

ஆறு வருஷம் தினமும் பேசியவர் ஏன் பேசவில்லை என்று பாட்டுக்காரருக்குக் கேட்கத் தோன்றவில்லை. திருப்பி ஒரு போன் போட்டிருக்கலாம், நம்பர் மனப்பாடம். அவர் அதைச் செய்யவில்லை. அவர் யோசித்ததெல்லாம் தன் வேலையை. இதை அவரே என்னிடம் சொன்னார்.

வந்த அழைப்பெல்லாம் கம்ப்யூட்டரில் தேதிவாரியாகப் பதிவாகியிருந்தது. அவர் அக்காவின் பழைய அழைப்பு ஒன்றை எடுத்தார். அதில் தன் குரலை மட்டும் வெட்டினார். குரலை டிவிக்கு அனுப்பும் மிக்சரிலிருந்து போன் வயரைப் பிடுங்கிவிட்டு, அதே ஓட்டையில் கம்ப்யூட்டர் வயரைச் சொருகினார். யாரும் வந்து பார்த்துவிடக் கூடாது என்று கதவைத் தாழிட்டார். திரையின் மூலையில் 'நேரலை' என்ற எழுத்தைப் போட்டுவிட்டு, அக்காவின் பேச்சுக்கு நடுவே இருந்த இடைவெளிகளில் மைக்கில் புதிதாகப் பேசினார்.

"நல்லா இருக்கீங்களா அக்கா?"

"இருக்கேன் தம்பி."

"பையன் என்ன பண்றாரு?"

"முழிச்சுக்கிட்டு உங்க பாட்டுக்காகத்தான் காத்துட்டிருக்கான்."

டக்... டக் டக்.

பாட்டு ஓடியது. கீழே முதலாளி டிவியில் பார்த்துத் தலையாட்டினாராம். அக்கா தினமும் பேசுவது அதேதானே, யாருக்குச் சந்தேகம் வரும்?

ஆனால் அன்று பாட்டு ஓடும்போதே, மேஜையில் கிடந்த போனில் சிவப்பு விளக்கு மினுங்கியது. மணிச் சத்தத்தை அவர்தான் அணைத்து வைத்திருந்தார். சின்னத் திரையில் நம்பர் தெரிந்தது.

மூன்றாம் வீதி அக்கா.

அவர் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வது? டிவியில் பேசுவது நீங்கள்தான், ஆனால் நீங்கள் இல்லை என்றா? விளக்கு மினுங்கி மினுங்கி அணைந்தது. மறுநாள் வேறு தேதியின் அழைப்பைப் போட்டார். அன்றும் மினுங்கியது. பதினோரு நாள்... பதினோரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் போன் மேல் கைக்குட்டையைப் போட்டு மூடிவிட்டாராம்.

பன்னிரண்டாம் நாள் விளக்கு மினுங்கவில்லை. அப்பாடா என்று இருந்தது அவருக்கு. அக்காவின் பேச்சு முடிந்தது, பாட்டு முடிந்தது, பெல்ட் விளம்பரம் தொடங்கியது. ஹெட்போனைக் கழற்றப் போனார்.

டக்... டக் டக்.

கம்ப்யூட்டரைப் பார்த்தார். ஓடியதை எப்போதோ மூடியாகிவிட்டது. வயரைப் பிடுங்கினார். டக்... டக் டக். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். இப்போது சத்தம் அதிலிருந்து வரவில்லை... வெளியே, இரும்புக் கதவில் கேட்டது. நிற்பவர் கை தட்டும் உயரத்தில் இல்லை. கீழே, படுத்திருப்பவன் கை எட்டும் உயரத்தில்.

தாழைத் திறந்தார். படிக்கட்டில் யாரும் இல்லை. வெயில் மட்டும் படி படியாக விழுந்து கிடந்தது. முகப் பவுடர் வாசனையும், நாள்பட்ட மருந்துச் சிரப்பின் கசப்பு வாசனையும் அடித்தது. நோயாளி அறையைத் திறந்தால் வருமே, அது.

அப்படியே படியிறங்கி, வயர் சுற்றிக்கொண்டிருந்த லைன்மேனிடம் போய் மூன்றாம் வீதி அக்காவைப் பற்றிக் கேட்டார்.

"உங்களுக்குத் தெரியாதா? அந்தப் பையன் போய்ப் பதினஞ்சு நாளாச்சே. அந்தம்மா தினம் டிவியில பேசுறதப் பார்த்து, எப்படித்தான் தாங்குதோன்னு தெருவே பேசிக்குது."

அன்று சாயங்காலமே அவர் அந்த வீட்டுக்குப் போனார். அக்காதான் கதவைத் திறந்தார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக முகம் பார்க்கிறார். குரலை வைத்துப் பெரிய உருவமாக நினைத்திருந்தாராம், இவரோ தோள் உயரம்கூட இல்லை. முன்னறையில் அந்த இரும்புக் கட்டில், மெத்தை சுருட்டி வைத்திருந்தது. கம்பியில் ஒரே இடத்தில் பெயின்ட் போய்ப் பளபளவென்று இருந்தது.

அக்கா கோபப்படவில்லை. அழவும் இல்லை.

"அவனை அனுப்பிவச்சிட்டு வந்து மூணாம் நாள் உக்காந்திருக்கேன் தம்பி. டிவியில நான் பேசுறேன். போனை நான் கையால தொடல. ஆனா நான் பேசுறேன், பையன் முழிச்சுக்கிட்டுக் காத்துட்டிருக்கான்னு. பாட்டு ஆரம்பிச்சுது... இங்க, இந்தக் காலிக் கட்டில்ல தட்டுற சத்தம் கேட்டுது."

பாட்டுக்காரர் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

"பயந்து டிவியை அணைச்சேன். எதிர் வீட்டுல ஓடுது, பக்கத்து வீட்டுல ஓடுது. இங்க தட்டுது. அந்தப் பாட்டைப் போடாதீங்கன்னு சொல்லத்தான் தம்பி போன் பண்ணேன். மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. போகணும்னு கிளம்பின புள்ளையை, என் குரல்லயே தினமும் கூப்பிட்டு உக்கார வச்சிட்டாங்களேன்னு இருந்துச்சு."

அந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? காலில் விழுந்திருப்போம் என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"அது... கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறுக்கா. தானா ஓடியிருக்கு. நான் லீவுல இருந்தேன்."

அக்கா அதை நம்பினார். "மெஷின் என்ன பண்ணும், பாவம்" என்று சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பாட்டுக்காரர் தம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டார். எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்து, எதற்கும் கூப்பிடுங்கள் என்று தன் செல் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

சொன்னபடி அழித்தார். ஆறு வருஷக் குரல், அந்தப் பாட்டு, எல்லாம். மறுநாள் அந்த அரை மணிக்கும் பெல்ட் வந்தது. இரண்டு மாதத்தில் அந்தச் சேனலே இல்லை. அவர் இப்போது செல்போன் கவர் விற்கும் கடையில் நிற்கிறார். மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் கொஞ்சம் படுப்பார்.

அப்படிப் படுத்திருந்த ஒரு மதியம்... ஒல்லியின் அக்கா சமையலறையிலிருந்து சத்தம் போட்டார்.

"கட்டிலை எதுக்குத் தட்டிக்கிட்டே இருக்கீங்க?"

"நான் தட்டல."

இரண்டு கையும் நெஞ்சின் மேல்தான் இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நாற்பது.

இரும்புக் கட்டிலைத் தூக்கிக் கொடுத்துவிட்டு மரக்கட்டில் வாங்கினார்கள். மரத்தில் கேட்டது... டொக்... டொக் டொக். கீழே பாய் விரித்துப் படுத்தார்கள். காலிக் கட்டிலில் கேட்டது. ஒல்லியின் அக்கா வீட்டில் டிவியையே கழற்றி வைத்துவிட்டார். ஒன்றும் மாறவில்லை.

ஒரு நாள் அதே நேரத்தில் அவர் செல் அடித்தது. மூன்றாம் வீதி அக்கா.

"தம்பி, நல்லா இருக்கீங்களா? நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன். நீங்க வந்துட்டுப் போன அன்னையிலிருந்து இங்க சத்தமே இல்ல. எம்புள்ள நிம்மதியாப் போய்ச் சேந்துட்டான்."

"சரிக்கா... சந்தோஷம்க்கா."

டொக்... டொக் டொக்.

அக்காவுக்கும் அது கேட்டுவிட்டது.

"தம்பி... உங்க பின்னால யாரு?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்ததாம்.

"பக்கத்து வீட்டுல ஆணி அடிக்கிறாங்கக்கா."

டொக்... டொக்... டொக்.

அக்கா மெல்லக் கேட்டார், பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி அவ்வளவு மெல்ல.

"கடைசித் தட்டு மெதுவா வருதே தம்பி... அவனுக்குத் தூக்கம் வருது. லைட்டை அணைக்கலையா?"

பாட்டுக்காரர் போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு தினமும் இரண்டு நாற்பதுக்கு அக்காவின் போன் வருகிறது. பிள்ளை எங்கே இருக்கிறான் என்று பெற்றவளுக்குத் தெரிந்துவிட்டது. இவர் செல்லைச் சத்தமில்லாமல் வைத்து, மேலே கைக்குட்டையைப் போட்டு மூடிவிடுகிறார். இன்றுவரை எடுக்கவில்லை.

அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது ஒன்றுதான், அதையும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். கைக்குட்டைக்கு அடியில் செல்லின் வெளிச்சம் மினுங்கிக்கொண்டிருக்கும் வரைக்கும் கட்டிலில் சத்தமே இருக்காதாம், அம்மா குரல் வருமா என்று காத்திருக்கிற மாதிரி. மினுங்கி, மினுங்கி... அணைந்த பிறகுதான் தட்ட ஆரம்பிக்குமாம்.