பார்த்தவர்கள் பட்டியலில் முதல் பெயர்

அக்கா: ...பதினேழாம் தேதி, சாயங்காலம் ஆறு பத்து, ரெண்டாவது மாடி வாட்ச் கடை. பில்லுல இருக்கு. ஆறு பன்னெண்டுக்கு நீ போட்டோ போட்டிருக்க. படி இறங்கக்கூட இல்ல, அதுக்குள்ள...

தம்பி: என் சட்டைப் பையை எதுக்கு நோண்டற?

அக்கா: துவைக்கறவ நோண்டத்தான் செய்வா. ஏழு நாளைக்குள்ள திருப்பிக் குடுக்கலாமாம். இன்னியோட ஏழு. எட்டு மணிக்குக் கடை மூடிடுவான்.

தம்பி: குடுக்க மாட்டேன்.

அக்கா: கிடங்குக்குள்ள வாட்ச் கட்ட விடறாங்களா உன்னை?

தம்பி: இல்ல... வாசல்லயே கழட்டி டப்பாவுல போடணும்.

அக்கா: நாள் முழுக்க அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டறவனுக்கு, டப்பாவுல தூங்கறதுக்கு ஒரு வாட்ச்.

தம்பி: எங்க ஷிப்ட்ல எல்லாருமே அப்படித்தான்க்கா. ஒரே ஷூவை அஞ்சு பேர் மாத்தி மாத்திப் போட்டுப் போட்டோ எடுக்கறோம். ஒருத்தனுக்குப் பெருசு. உள்ள பேப்பர் திணிச்சுக்கிட்டான்.

அக்கா: அவன் பேப்பரோட நிறுத்திக்கிட்டான். நீ ரெண்டு மாசச் சம்பளத்தைக் கொட்டிட்டு வந்து நிக்கற. யாருக்குடா காட்டணும்? வாயைத் திற.

தம்பி: அம்மாவுக்கு. நம்மள விட்டுட்டுப் போய் ஆறு வருஷமாச்சு. ஒரு போன் கிடையாது. ஆனா நான் எந்த ஸ்டோரி போட்டாலும் பார்த்தவங்க பட்டியல்ல முதல் பேர் அவங்க பேருதான். போன வருஷம் ஷூவுக்கு ஒரு ஹார்ட் கூட வந்துச்சு.

அக்கா: அதுக்கப்புறம்தானே நீ இப்படி வாங்கிக் குவிக்க ஆரம்பிச்ச.

தம்பி: இன்னும் கொஞ்சம் நல்லா இருக்கற மாதிரி தெரிஞ்சா... ஒரு தடவை வந்து பார்க்கணும்னு தோணும்ல?

அக்கா: தோணாது.

தம்பி: உனக்கெப்படித் தெரியும்?

அக்கா: அம்மாவோட பழைய போன் என் பெட்டியில இருக்கு. போறப்ப விட்டுட்டுப் போயிட்டாங்க, அவங்க அக்கவுண்ட் இன்னும் அதுல திறந்தேதான் இருக்கு. அதுல பார்க்கறது... நான்தான்டா. முதல் தடவை உன் ஸ்டோரி மேல கை தவறிப் பட்டுடுச்சு. அன்னிக்கு நீ ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கிட்டே ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட. அப்புறம் என்னால நிறுத்த முடியல.

தம்பி: பில்லைக் குடு. எட்டுக்குள்ள போயிட்டு வந்துடறேன்.

அக்கா: திட்டிட்டுப் போடா. இப்படி ஒண்ணும் சொல்லாம போகாத.

தம்பி: எதுக்குத் திட்டணும்? பத்துப் பதினோரு நாளைக்கு முன்னாடி உன் பெட்டியிலேருந்து அந்த போனோட சார்ஜரை எடுத்து ஒளிச்சு வச்சது நான்தான். மூணு நாள் அம்மா எதையும் பார்க்கல. நாலாம் நாள் நீ எங்கயோ அலைஞ்சு ஒரு சார்ஜர் வாங்கிட்டு வந்த. பத்து நிமிஷத்துல அம்மா பார்த்துட்டாங்க. அதுக்கு மறுநாள்தான், நீயா வாயைத் திறந்து சொல்லட்டும்னு இந்த வாட்ச்சை வாங்கினேன்.