வளவனின் ஹெல்மெட்

உரக்கடைக்காரனுக்குக் காலையில்தான் போன் அதிகம் வரும், இன்ஸ்பெக்டர் சார். குறுவை நட்டவர்கள் யூரியா வந்துவிட்டதா என்று கேட்பார்கள். எடுக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அன்றும் பேசிக்கொண்டேதான் வயல் ரோட்டிலிருந்து நன்னிலம் மெயின் ரோட்டில் காரை ஏற்றினேன். இடது பக்கம் பார்த்தேன். வலது பக்கம் பார்க்கவில்லை. அந்தப் பக்கமிருந்துதான் வளவனின் பைக் வந்து காரில் மோதியது.

வளவனை எனக்கு நன்றாகத் தெரியும். கால்நடை ஆய்வாளர். என் பசுவுக்கு இரண்டு முறை ஊசி போட்டிருக்கிறான். அவன் அப்பா வீரையன் எங்கள் வயலில் நாற்று பறித்தவன். வீரையன் என்னை ஐயா என்பான். மகன் சார் என்பான். அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சித்திரை வெயிலிலும் முகத்தை மூடும் ஹெல்மெட், தடித்த ஜாக்கெட், கையுறை, முட்டிக்குக் கவசம் என்று முழு உடுப்போடுதான் பைக்கில் போவான். "நிலாவுக்கா போற?" என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். "வீட்டுக்குத் திரும்பிப் போறதுக்குங்க" என்பான்.

உடுப்பு நன்றாகவே வேலை செய்தது. ரோட்டில் தேய்ந்துகொண்டே போய் மதகுச் சுவரோரம் மல்லாந்து விழுந்தான். ஜாக்கெட் கிழிந்திருந்தது, தோல் கிழியவில்லை. நான் இறங்கிப் போனபோது கண் திறந்திருந்தது.

"சார், கழுத்து வலிக்குது. ஹெல்மெட்டக் கழட்டிடாதீங்க, அப்படியே இருக்கட்டும். நூத்தியெட்டுக்கு மட்டும் போன் பண்ணுங்க."

தெளிவாகப் பேசினான். கை விரலைக்கூட அசைத்துப் பார்த்துக்கொண்டான்.

என் நிலைமையையும் நீங்கள் பார்க்க வேண்டும். காரின் இன்சூரன்ஸ் முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. நடவு மும்முரத்தில் மறந்துவிட்டேன். நஷ்டஈடு என்று வந்தால் என் நிலத்தில்தான் கை வைப்பார்கள். என் மைத்துனன் மதிவாணன் திருவாரூரில் வக்கீல் குமாஸ்தா. ஒரு கல்யாணப் பந்தியில் சொல்லியிருந்தான்: "ஹெல்மெட் போடலைன்னா மாமா, தப்புல ஒரு பங்கு பைக் ஓட்டுனவன் மேலயும் வந்துடும்."

ரோட்டில் யாரும் இல்லை. குனிந்து தாடைப் பட்டையை விடுவித்தேன்.

"வேணாம் சார்."

"காத்து வரட்டும்ப்பா" என்றேன்.

இறுக்கமாக இருந்தது. காதுப்பக்கம் சிக்கியது. இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி ஆட்டி இழுக்க வேண்டியதாயிற்று. கழன்று வந்தபோது அவன் பேச்சு நின்றிருந்தது. விரலும் அசையவில்லை.

டிக்கியில் காலிச் சாக்கு இருந்தது. ஹெல்மெட்டையும் இரண்டு செங்கல்லையும் அதில் போட்டு வாயைக் கட்டினேன். முடிச்சு போட்டு முடிக்கும் வரை அவன் கண் என் கையிலேயே இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் கரை முட்ட ஓடியது. சாக்கு முழுகிய பிறகு ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் அவன் உயிர் போய்விட்டது.

பதினாறு முடிந்ததும் அவன் மனைவி கயல்விழி கடைக்கு வந்தாள்.

"தெருமுனைக் கடைக்குக்கூட ஹெல்மெட் இல்லாமப் போவமாட்டாரு சார். நீங்கதான் கடைசியாப் பாத்தீங்க. தலையில இல்லியா?"

"இல்லம்மா. புழுக்கமா இருந்திருக்கும், எங்கயாவது கழட்டி வச்சிருப்பான்" என்றேன். கோர்ட்டிலும் அதையே சொன்னேன். மதிவாணன் சொன்னபடியே ஒரு பங்கு தப்பை வளவன் மேல் வைத்துத் தீர்ப்பு வந்தது. முதலில் அவள் நம்பவில்லை. பிறகு நம்பிவிட்டாள். "அன்னிக்கு மட்டும் ஏன் போடல?" என்று அவன் போட்டோவைப் பார்த்துத் திட்டுவாளாம். பக்கத்து வீட்டு ஜன்னத் பீவி, உரம் வாங்க வந்தபோது சொல்லி வருத்தப்பட்டார்.

இந்தக் கோடையில் வாய்க்கால் தூர்வார வந்த பொக்லைன் அந்தச் சாக்கை வெளியே எடுத்துப் போட்டது. சாக்கில் என் கடைப் பெயர் இருக்கும் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. அவசரம்.

கழுத்தெலும்பு காரால் முறிந்திருந்தாலும், அசைக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொல்வதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். இழுத்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கயல்விழியிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். மற்றவர்கள் மாதிரி நான் அவனை விட்டுவிட்டு ஓடவில்லை. ஆம்புலன்ஸ் வரும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்து, முகத்தில் வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டிருந்தேன்.