சத்தம் போடாத கேபினெட்

கம்ப்யூட்டரைச் சொந்தமாகச் சேர்த்துக் கட்டுகிறவர்கள் கேபினெட்டைப் பற்றிக் கடைசியில்தான் யோசிப்பார்கள். வெறும் தகரப் பெட்டிதானே என்ற நினைப்பு. நானும் அப்படித்தான் ஏமாந்தேன், சார்.

எனக்கு ஒலித் தொகுப்பு வேலை. பிறர் பேசிப் பதிந்ததை வீட்டிலிருந்தே சுத்தம் செய்து கொடுப்பேன். அதற்கு இரையாத கம்ப்யூட்டர் வேண்டும். முதலில் வாங்கிய கேபினெட்டில் கிராபிக்ஸ் கார்டு இடித்தது. அடுத்ததில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. பார்க்க அழகு, காற்றுப் போக வழியில்லை. சூடேறியதும் ஃபேன்கள் பேய் பிடித்த மாதிரி சுற்றின. மாற்றக் கொண்டுபோனபோது கடைக்காரர் அலுத்துக்கொண்டார்.

"உங்களுக்குக் கேபினெட் வேணுமா, சத்தமே இல்லாத உலகம் வேணுமா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உட்பக்கம் பஞ்சு ஒட்டிய கனமான ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

நான் இருப்பது அக்கா வீட்டில். ஒரே கூடம், நடுவில் திரை. இந்தப் பக்கம் என் மேசை, அந்தப் பக்கம் அத்தானின் கட்டில். அவருக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. கட்டிலடியில் ஆக்சிஜன் மிஷின் எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும். அந்த உறுமலில் எந்தக் கேபினெட்டை எப்படிச் சோதிப்பது? அத்தான் நல்ல மனிதர். வேலையில்லாமல் வந்து நின்றபோது முகம் சுளிக்காமல் இடம் கொடுத்தவர்.

அன்று பகல் அக்கா வேலைக்குப் போயிருந்தாள்.

"அத்தான், மிஷினைக் கொஞ்சம் நிறுத்திக்கட்டுமா? இதுல சத்தம் வருதான்னே தெரிய மாட்டேங்குது."

"அஞ்சு நிமிஷம்னா தாங்குவேன்டா. சீக்கிரம் முடி."

பிளக்கைப் பிடுங்கினால் மிஷினில் அலாரம் கத்தும். அதனால் சுவிட்சில் அணைத்தேன்.

கேபினெட்டில் காதை வைத்தேன். மெல்லிய ஓர் அதிர்வு. ஹார்ட் டிஸ்க் திருகுகளுக்கு ரப்பர் வளையம் போட்டேன், நின்றது. பிறகு டக், டக் என்று ஒரு சத்தம். ஏதோ ஒயர் ஃபேனில் உரசுகிறது என்று எல்லாவற்றையும் கழற்றி மறுபடி கட்டினேன். அப்போதும் போகவில்லை. எவ்வளவு வெறுத்துப் போயிருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். மூன்றாவது கேபினெட், சார்.

திரையை விலக்கினேன். அத்தான்தான். மோதிரத்தால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. கேபினெட் மேல் குற்றமில்லை என்று தெரிந்ததும் எனக்கு மனசு லேசானது. ஒரே நிமிடம் என்று விரலைக் காட்டிவிட்டுத் திரையை இழுத்துவிட்டேன்.

உட்கார்ந்து காத்திருந்தேன். முதலில் தட்டுவது நின்றது. இழுத்து இழுத்து வந்த மூச்சு ஓய இன்னும் சற்று நேரமானது. அதன்பிறகு கேபினெட்டில் காதை வைத்துக் கேட்டேன். இருக்கிற இடமே தெரியவில்லை, அவ்வளவு நல்ல கேபினெட்.

மிஷினைத் திரும்பப் போட்டேன். அக்காவிடம், தூக்கத்திலேயே போய்விட்டார் என்றேன். இந்த ஸ்டேஷனில் உங்களிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

அக்கா இனி என் முகத்தில் விழிக்க மாட்டாளாம். அவளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அத்தான் ஒரு குரல் கொடுத்திருந்தால் எழுந்து ஓடியிருப்பேன். அவர் கூப்பிடவே இல்லை.