துண்டுக்கு அடியில் இரண்டு கைகள்

இந்த ஸ்டேஷன் டியூப் லைட்டை மாற்றச் சொல்லுங்கள், ஐயா. இதன் வெளிச்சத்தில் கண்ணாடித் துண்டுகூட நல்ல கல்லாகத் தெரியும். முப்பத்தைந்து வருடமாகக் கல் வியாபாரம் செய்கிறவன் நான். வடக்குப் பார்த்த ஜன்னலும் காலை பத்து மணி வெளிச்சமும் இல்லாமல் எதையும் நம்பி விலை பேசியதில்லை. ஆனால் நீங்கள் கேட்பது கல்லைப் பற்றி இல்லை. என் மாப்பிள்ளையின் வலது புறங்கையில் நான்கு நகக்குறிகள் எப்படி வந்தன என்று கேட்கிறீர்கள். என்னுடையவைதான். சொல்கிறேன். ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் வைத்துவிடுங்கள்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் புருஷன். தொழிலில் என் கூட்டாளி. அவன் ஒரு காலத்தில் எப்படி இருந்தான் என்று தெரிந்தால்தான் பிறகு எப்படி ஆனான் என்பது உங்களுக்கு உறைக்கும். அவனிடம் கல் வாங்க வருகிறவர்கள் குடையோடு சேர்த்து மானத்தையும் வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். திரும்பும்போது குடையை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள்.

எங்கள் தெருவில் விலையை வாயால் சொல்வதில்லை. பக்கத்தில் நிற்கிறவன் காதில் விழுந்தால் அடுத்த கல்லின் விலை கெட்டுவிடும். விற்கிறவனும் வாங்குகிறவனும் வலது கையை ஒரு துண்டுக்கு அடியில் கோத்துக்கொள்வார்கள். எந்த விரலைப் பிடிக்கிறாய், எத்தனை விரலைப் பிடிக்கிறாய், அதுதான் விலை. முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது. வாயைத் திறக்கக்கூடாது. பேரம் படிகிறவரை கையை வெளியே எடுக்கவும் கூடாது. முதலில் எடுத்தவன், இல்லாவிட்டால் முதலில் பேசியவன், தோற்றவன். மாப்பிள்ளை என் கண்முன்னால் ஒருவரிடமும் தோற்றதில்லை. அவன் கையைப் பிடித்துவிட்டு வந்தவர்கள் நாள் முழுக்க விரலை நீவிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் அவனுக்கு நெஞ்சு அடைத்தது. பிழைத்துக்கொண்டான். மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இதயத்தில் பாதிதான் வேலை செய்கிறது. உப்பு கூடாது, ஓட்டம் கூடாது, கோபம் கூடாது. “முக்கியமா அந்தத் துண்டு வேலை வேண்டாம். நீங்கதான் பார்த்துக்கணும்” என்றார். இதை நீங்கள் கேட்காமலே சொல்லிவிடுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியாது என்று பிறகு யாரும் சொல்ல வேண்டாம்.

அதன்பிறகு அவன் பேரம் பேசுவதை விட்டுவிட்டான். எங்கேயும். ஒருநாள் அவனோடு பழக்கடைக்குப் போனேன். பழக்காரி வாய்க்கு வந்த விலையைச் சொன்னாள். இவன் சரியென்று பையை நீட்டினான். அவளுக்கே தாங்கவில்லை.

“என்னண்ணே, உடம்புக்கு என்ன?”

“நல்லாத்தானே இருக்கேன்.”

“சொன்ன விலைக்கே பையை நீட்டுறீங்களே. வீட்ல ஏதாவது கெட்ட சேதியா?”

“நீயும் பொழைக்கணும்ல. போடும்மா” என்று சிரித்தான்.

அவள் இரண்டு பழம் கூடவே போட்டாள். அடித்துப் பேசியபோது கிடைத்ததைவிட அது அதிகம்தான். ஆனால் பரிதாபப்பட்டுப் போட்ட பழம், ஐயா. நான் தொடவில்லை.

அவன் வீடு நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது. இருபத்திரண்டு வருடம் அந்தப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறியவன் அவன். எந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. இப்போது ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். முதல் மாடித் தையல்காரர் அவனுக்காக வாசலில் ஒரு ஸ்டூல் போட்டார். இரண்டாவது மாடியில் ஓய்வுபெற்ற ரயில் டிரைவர், மெத்தை வைத்த பெரிய நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். மூன்றாவது மாடியில் இரட்டைப் பெண் குழந்தைகள். அவர்களுடைய பிளாஸ்டிக் நாற்காலி. வீடு போய்ச் சேர முக்கால் மணி நேரம். ரயில் டிரைவர் எந்தப் பாலத்தைக் கடக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார், தையல்காரர் மகள் ஏன் இன்னும் கல்யாணத்துக்குச் சம்மதிக்கவில்லை, இரட்டையரில் யாருக்கு எந்தப் பல் விழுந்தது, எல்லாம் அவனுக்குத் தெரியும். கல்லுக்குள் மயிரிழை விரிசலைக் கண்டுபிடித்த கண், விழுந்த பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

என் தங்கை அவனைப் பஞ்சில் பொதிந்த கல் மாதிரி வைத்திருந்தாள். காலையிலும் மாலையிலும் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணி நோட்டில் எழுதுவாள். எழுதி முடித்ததும் இரண்டு பேரும் பரிசு விழுந்த மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். துடிக்கிறது என்பதற்காகச் சந்தோஷப்படும் ஜோடியை நான் அங்கேதான் பார்த்தேன். ஒரு நாள் கேட்டே விட்டேன்.

“ஏன் மாப்ளே, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கிட்டு இருக்கிறதுக்குப் பேரு வாழ்க்கையா?”

“அது எவ்வளவு பெரிய வேலைன்னு உனக்குத் தெரியாது மச்சான். ஒரு தடவை நின்னு போனவனைக் கேளு.”

“உயிரோட இருக்கிறது வேற. வாழறது வேற.”

“அதைத்தான் உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு நானும் ரொம்ப நாளா யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.” சிரித்தான். “பார்சல் சோத்தை மேஜைகிட்ட நின்னுக்கிட்டே முழுங்கிட்டு, எதிராளி எப்ப அசருவான்னு பார்த்துக்கிட்டே இருக்கியே, அதுக்கு என்ன பேரு? சாயங்காலத்துல இங்க வந்துடு. ரெண்டாவது மாடி நாற்காலி பெருசு. உனக்கும் இடம் இருக்கு.”

எனக்கு நாற்காலியில் இடம் கொடுத்தான். நான் எழுந்து கிளம்பிவிட்டேன். அவனோடு வாக்குவாதம் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தாரே.

அதற்கு அடுத்த வாரம் கல் விஷயம் வந்தது. நாங்கள் தொழில் தொடங்கிய வருடம் பட்டை தீட்டாத கல் ஒரு மூட்டை வாங்கினோம், மண்ணும் சரளையுமாக. அதில் ஒன்றை நான் கூழாங்கல் என்று தள்ளினேன். அவன் எடுத்து, எச்சில் தொட்டுத் துடைத்து, ஜன்னலில் பிடித்தான். நீலக்கல். தீட்டியபிறகு அதைப் பார்க்கத் தெருவே வந்தது. எத்தனையோ பேர் கேட்டும் அவன் விற்கவில்லை. நானும் கேட்டேன், பல தடவை, பல வருடம். ஒவ்வொரு தடவையும் துண்டுக்கு அடியில் என் கைதான் முதலில் வெளியே வந்தது.

அந்தக் கல்லை ஒரு காகிதத்தில் மடித்து என்னிடம் நீட்டினான்.

“இதை நீ எடுத்துக்கோ மச்சான்.”

“என்ன விலை?”

“விலையாவது ஒண்ணாவது. சும்மா எடுத்துக்கோ. எனக்கு இனிமே எதுக்கு?”

முப்பத்தைந்து வருடம் நான் கேட்ட பொருளை, பக்கத்து வீட்டுக்குச் சீனி கொடுப்பதுபோல் நீட்டினான். வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வியாழக்கிழமைகளில் என் தங்கை அவனுடைய பரிசோதனை முடிவுகளை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போவாள். பத்து மணிக்குக் கிளம்பினால் திரும்பப் பன்னிரண்டு ஆகும். படியில் என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. “நல்லவேளை வந்தே அண்ணா. நான் வர்ற வரைக்கும் கூடவே இரு. அவரைத் தனியா விட்டுட்டுப் போக மனசே வரல” என்றாள். இருக்கிறேன் என்றேன். இருந்தேன். சொன்ன சொல்லை நான் மீறியதில்லை.

துண்டு நான் கொண்டுபோனதுதான். அதைப் பார்த்ததும் அவன் சிரித்துவிட்டான்.

“டாக்டருக்குத் தெரிஞ்சா என்னை விட்டுட்டு உன்னைத்தான் திட்டுவாரு.”

“ஒரே ஒரு தடவை. சும்மா வாங்கிட்டுப் போக நான் என்ன பிச்சைக்காரனா?”

“சரி சரி, உன் ஆசையைக் கெடுப்பானேன். உட்காரு.”

மாடிப்படிக் கூட்டத்தில் யாராவது எட்டிப் பார்ப்பார்கள் என்று நான் கதவைத் தாழ் போட்டேன். அவன் மாத்திரைக் குப்பியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து இடது கைப்பக்கம் மேஜைமேல் வைத்தான். நெஞ்சு பிடித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. எதிரெதிராக உட்கார்ந்தோம். கையைக் கொடுத்தான்.

முதலில் என் சுண்டுவிரலின் நுனியைப் பிடித்தான். எங்கள் கைப்பேச்சில் அதைவிடக் குறைந்த விலை கிடையாது. விளையாடுகிறான். நான் அவன் உள்ளங்கையில் நகத்தால் ஒரு கீறு கீறினேன். கல்லில் பழுது என்று அர்த்தம். சிரித்தான். இரண்டு கீறு கீறினேன். இது கல்லே இல்லை, கண்ணாடி, உனக்குக் கண்ணே கிடையாது என்று அர்த்தம். எங்கள் தெருவில் இதற்குக் கைகலப்பு நடந்திருக்கிறது. அவன் சிரிப்பு நின்றது.

முகத்தில் தெரிவதற்கு முன்னால் எனக்கு விரலில் தெரிந்தது. அவன் மணிக்கட்டு என் விரல் நுனிமேல் கிடந்தது. என் தங்கை நோட்டு வைத்து எண்ணுவதை நான் நோட்டு இல்லாமல் எண்ணினேன். துடிப்பு ஏறியது. விலையை ஏற்றி மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தான். உதறினேன். நான்கையும் பிடித்தான். ஒப்பவில்லை என்று மறுபடி விரலை உதறினேன். அவனுடைய பழைய கண் திரும்பி வந்தது, ஐயா. குடையோடு மானத்தையும் வாசலில் வைக்கச் சொல்லும் கண். கால் மணி நேரம் பேசினோம், விரலால். நெற்றியில் வியர்வை கோத்து நின்றது. இரண்டு வருடத்தில் அந்தக் கால் மணி நேரம்தான் அவன் வாழ்ந்தது. அதைக் கொடுத்தது நான். மருத்துவரோ மாத்திரையோ தையல்காரரின் ஸ்டூலோ கொடுக்கவில்லை.

பிறகு துடிப்பு இடறியது. ஒன்று, இரண்டு, ஒன்றுமில்லை, அப்புறம் மூன்று சேர்ந்தாற்போல். நான் இன்னொரு முறை கீறினேன்.

அவன் இடது கை குப்பியை எடுத்தது. திருகு மூடி. குழந்தைகள் திறந்துவிடக்கூடாது என்று அழுத்தித் திருகுகிற மாதிரி செய்திருப்பார்கள். அதற்கு இரண்டு கை வேண்டும். பல்லில் கடித்துப் பார்த்தான். மேஜை விளிம்பில் தட்டிப் பார்த்தான். வலது கையை இழுத்தான். நான் விடவில்லை. நீங்கள் கேட்ட நான்கு குறிகளும் அப்போது விழுந்தவை. குப்பி உருண்டு கீழே விழுந்து என் ஷூவில் முட்டி நின்றது. நல்ல மூடி, ஐயா. அவ்வளவுக்கும் திறக்கவே இல்லை.

எல்லாம் அடங்கிய பிறகு துண்டை மடித்துப் பைக்குள் வைத்தேன். கதவைத் திறந்து தையல்காரரைக் கூப்பிட்டேன். அவர் ஓடி வந்தபோது நான் மறுபடி மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதயம் நின்றுவிட்டது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அது பொய்யும் இல்லை. “கடைசி வரைக்கும் அவர் கையை விடாம பிடிச்சிருந்தியாமே அண்ணா” என்று என் தங்கை இந்தக் கைமேல் முகத்தை வைத்து அழுதாள். உடம்பைத் துடைக்கும்போதுதான் குறிகளைப் பார்த்திருக்கிறாள். நாடி எண்ணிப் பழகினவள், அவன் கை அவளுக்கு மனப்பாடம். அதைத்தான் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள்.

அவனைக் கீழே இறக்கும்போது மாடிக்காரர்கள் ஒரு கூத்து செய்தார்கள். ஒவ்வொரு மாடியிலும் அவனை இறக்கி வைத்தார்கள். மூன்றாவது மாடியில் அந்த இரட்டைக் குழந்தைகள் பக்கத்தில் வந்து நின்றன. இரண்டாவது மாடியில் ரயில் டிரைவர் தன் நாற்காலியை நகர்த்தி இடம் பண்ணினார். எதற்கு இந்தத் தாமதம், பிணத்துக்கு மூச்சு வாங்குமா என்று கேட்டேன். ரயில் டிரைவர் திரும்பி என்னைப் பார்த்தார், நீங்கள் இப்போது பார்க்கிறீர்களே, அதுமாதிரி.

ஒன்றை விட்டுவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குப்பி விழுந்ததும் அவன் பேசினான். வாயைத் திறந்து பேசினான்.

“கல் உன்னுது மச்சான். கையை விடு.”

பேசியதால் அவன் தோற்றுவிட்டான். முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக. எங்கள் வழக்கப்படி நான் அந்த நிமிடமே கையை விட்டிருக்க வேண்டும். நான் காத்திருந்தேன். திட்டுவான், கடிப்பான், என் தங்கை பெயரைச் சொல்வான், கெஞ்சுவான் என்று காத்திருந்தேன். ஒரு பொருள் உண்மையிலேயே வேண்டும் என்கிறவன் ஒரு தடவை கேட்டுவிட்டு நிறுத்துவானா? அவன் என்னைப் பார்த்தான். இடது கை துண்டின்மேல், என் கைக்கு மேலே வந்தது. தட்டிக்கொடுத்தானா, தானாக விழுந்ததா, தெரியவில்லை.

உயிரைக்கூட அவன் ஒரே ஒரு தடவைதான் கேட்டான், ஐயா. இன்னொரு தடவை கேட்டிருந்தால் விட்டிருப்பேன்.